ஐந்து ஏக்கரும் ஓர் அறையும்

வாளையாறு தாண்டியதும் நம்மவர்களில் ஒரு சாராருக்குக் கேரளத்தின் மேல் பக்தி வந்துவிடுகிறது. பேருந்து ஜன்னல் வழியே, ஊருக்கு வெளியே ஒதுங்கிக் கிடக்கும் குடிசை வரிசையைத் தேடுகிறார்கள். கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு வீடும் அதனதன் தென்னை, பலா, கிணற்றோடு தனித்து நிற்கிறது. "பாத்தீங்களா, இங்க சேரியே கிடையாது. நிலத்தைப் பிரிச்சுக் கொடுத்த நாடு" என்கிறார்கள். போடிமெட்டு ஏறி மூணாறு போகிறவர்களின் பக்தி வேறு விதம். தேயிலைச் சரிவுக்கு நடுவே ஒரே நிறத்தில் வரிசை பிடித்து நிற்கும் லயங்களைப் படம் எடுத்துக்கொண்டு, "கம்பெனியே வீடு கொடுத்திருக்கு, வாடகை கூட இல்ல" என்று சொல்லிவிட்டு ஏலக்காயும் சாக்லேட்டும் வாங்கப் போய்விடுகிறார்கள். நானும் இந்தப் பக்தர் கூட்டத்தில் இருந்தவன்தான், மேடையேறியே பேசியிருக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் கோபத்தோடு எழுத எனக்கு உரிமை உண்டு.

முதலில் அந்த நிலச்சீர்திருத்தம். 1957இல் ஈ.எம்.எஸ். அரசு தொடங்கி வைத்தது, 1963இல் சட்டமானது, 1969இல் திருத்தப்பட்டு 1970 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. ஜன்மி என்ற நிலக்கிழார் முறை ஒழிந்தது என்பது உண்மை. இந்தியாவில் வேறெங்கும் அவ்வளவு முழுமையாக நடக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் நிலம் யார் கைக்குப் போனது? அதைக் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தவர் கைக்கு. சேற்றில் இறங்கி நாற்று நட்டவருக்குக் கிடைத்தது 'குடிகிடப்பு' உரிமை, அதாவது குடியிருந்த குடிசையைச் சுற்றிக் கொஞ்சம் மண்: பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5, பெருநகரில் 3. உழுதவனுக்கு நிலம் என்பது கோஷம். உழுதவனுக்கு முற்றம் என்பதுதான் நடந்தது. பாலக்காட்டு வாடானாங்குறிச்சியில் தலித் குடும்பத்தில் பிறந்து, பொருளியல் பேராசிரியராக உயர்ந்த எம். குஞ்ஞாமன் இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் குறைவு.

அந்தப் பத்து சென்ட்டும் வராத இடம் ஒன்று உண்டு. சட்டத்தின் 81ஆம் பிரிவு தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம் எல்லாம் தொழில். தொழிலைத் துண்டு போட்டால் பொருளாதாரம் கெடும் என்றார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கட்டும். தோட்டத்தைத் துண்டு போடாமலே, அதில் குடியிருந்தவருக்கு ஒரு முற்றம் கொடுத்திருக்கலாமே? லயத்து வாசல் வரைக்கும் அந்தச் சட்டம் வரவே இல்லை.

பத்து சென்ட் கிடைத்தவர்களின் கதையும் பேருந்து ஜன்னலில் தெரிகிற மாதிரி இல்லை. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை வழியாகப் போனால் எல்லை தாண்டியதும் கோவிந்தாபுரம். அங்கே முதலமடை பஞ்சாயத்தில் அம்பேத்கர் காலனி. சக்கிலியர் குடும்பங்கள் வாழும் இடம். 2017 ஜூனில் அங்கிருந்து வந்த புகார்களைக் கேட்டுக் கேரளம் திடுக்கிட்டது: தண்ணீர் பிடிப்பதில் பிரிவினை, தேநீர்க் கடையில் பிரிவினை, இடிந்த வீட்டுக்கு மாற்று வீடு கிடைப்பதில் பாரபட்சம். திடுக்கிட்டவர்கள் 'இது தமிழ்நாட்டு வியாதி, எல்லை தாண்டி ஒட்டிக்கொண்டது' என்று சமாதானம் சொன்னார்கள். நல்ல சமாதானம். 'காலனி' என்ற சொல்லை ஒட்டவைத்தது யார்? தலித்துகளுக்கென்று மூன்று சென்ட், நான்கு சென்ட் அளந்து, ஓரிடத்தில் சேர்த்துக் குடிவைத்து, அதற்குக் காலனி என்று பெயரிட்டது அரசாங்கம். மலையாளத்தில் அந்தச் சொல் ஒரு வசவாகவே மாறிப்போனது. 2024 ஜூனில் பட்டியல் சாதியினர் நலத்துறை அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் பதவி விலகும் நாளில் போட்ட கடைசிக் கையெழுத்துகளில் ஒன்று, இனி 'காலனி' என்று எழுதக் கூடாது, 'நகர்', 'உன்னதி' என்று எழுத வேண்டும் என்பது. அவர் விலகியது ஆலத்தூர் மக்களவை உறுப்பினராகப் போவதற்காக. முதலமடை அந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. சேரியே இல்லாத நாட்டில் சேரிக்குப் பெயர் மாற்ற ஏன் ஓர் அரசாணை தேவைப்பட்டது என்று பக்தர்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, மலைக்கு வருவோம். என் சண்டை முக்கியமாக அங்கேதான்.

'இலவச வீடு' என்று சொல்கிறார்களே, லயம் என்பது என்ன? ஒரே நீளக் கட்டடம். அதைக் குறுக்குச் சுவர் போட்டுப் பிரித்து, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை அழுதால் இங்கே தூக்கம் போகும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளி குடியிருப்பு தந்தே ஆக வேண்டும் என்றது; ஆகவே இது யாருடைய தாராளமும் கிடையாது. சட்டம் சொல்லாத ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் பேராவது தோட்டத்துப் பதிவில் நிரந்தரமாக இருக்கும் வரைக்கும்தான் அந்த அறை. ஐம்பத்தெட்டு வயதில் 'பென்ஷன்' ஆகிவிட்டால், மகனோ மருமகளோ அந்தப் பேரை ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் சட்டி பானையோடு இறங்க வேண்டும். முப்பது நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவளுக்கு அப்போது கையில் வருவது பி.எஃப்., கிராஜுவிட்டி. அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி என்பது தோட்டங்களில் பல காலமாக நடக்கிற பேரம்.

இப்போது வாடகையைக் கணக்குப் பாருங்கள். படித்த பெண் ஒருத்தி தேனியிலோ கோட்டயத்திலோ வேலை தேடிப் போய்விட்டால் பெற்றோருக்குக் கூரை போகும். அதனால் அவள் போகக் கூடாது, அல்லது அவள் தம்பி போகக் கூடாது. அடுத்த தலைமுறையின் உழைப்பை முன்கூட்டியே அடமானம் வாங்கிக்கொள்ளும் வாடகை இது. பணமாகக் கொடுக்கிற வாடகை இதைவிட எவ்வளவோ மலிவு. யாரும் பேரை ஏற்காத அறைகளில் இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் குடியேறுகிறார்கள். அவர்களுக்கும் அதே நிபந்தனைதான், மொழி மட்டும் வேறு. பீர்மேட்டில் 2000ஆம் ஆண்டிலேயே பூட்டப்பட்ட தோட்டங்களின் லயங்களில் சம்பளமும் இல்லாமல், பழுது பார்க்க ஆளும் இல்லாமல் குடும்பங்கள் தொடர்ந்து இருந்து வந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். போக இடம் இருந்தால் ஒழுகும் கூரைக்குக் கீழே ஏன் இருக்கிறார்கள்?

"அவங்களுக்கு ஊர்ல வீடு இருக்கே" என்பது அடுத்த பதில். கேரளத்தில் அதிகாரியிலிருந்து ஆட்டோ ஓட்டுநர் வரை இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதற்கு வயது எழுபதுக்கு மேல். தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்ற சண்டை 1954இல் உச்சத்தில் இருந்தபோது, எல்லைப் போராட்டத் தலைவர் நேசமணி தேவிகுளத்தில் கைதாகி, தென் திருவிதாங்கூரில் துப்பாக்கிச் சூடு நடந்த அந்த ஆண்டில், திருவிதாங்கூர்–கொச்சித் தரப்பின் வாதமே இதுதான்: அங்குள்ள தமிழர்கள் வருவார்கள், போவார்கள், அவர்களை நிலையான குடிமக்களாக எண்ணி எல்லை வகுக்கக் கூடாது. எழுபது வருடமாகியும் அவர்கள் போகவில்லை.

போனவர்கள் எங்கே போனார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. 70 பேர். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. 'ஊர்ல வீடு இருக்கே' என்று சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: அவர்களைக் கயத்தாறுக்குக் கொண்டு போகவில்லை. கயத்தாற்றுச் சொந்தங்கள்தான் மலையேறி வந்தன. ராஜமலையிலேயே குழி வெட்டி வரிசையாகப் புதைத்தார்கள், லயம் மாதிரியே. மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். முதலமைச்சர் விபத்து நடந்த மறுநாளே கோழிக்கோட்டில் இருந்தார். பெட்டிமுடிக்கு வந்தது 13ஆம் தேதி. வானிலை, சாலை என்று காரணம் சொல்லலாம். 5க்கும் 10க்கும் எந்த வானிலையைச் சொல்வது?

தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள்: முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் இழப்பீடு தர வேண்டும். அதே வாக்கியத்தில் ஒரு விலக்கும் இருந்தது, இயற்கைச் சீற்றத்தால் இடிந்தால் இல்லை. இடுக்கியில் வீடு வேறு எதனால் இடியும்?

'நிலம் இல்லையே, என்ன செய்வது' என்பவர்களுக்கான பதிலை அந்த மலையின் பத்திரங்களே சொல்கின்றன. 1877இல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலைகளை ஆண்டுக்கு 3,000 ரூபாய் குத்தகைக்கு வாங்கினார். சுமார் 1,37,000 ஏக்கர். அது கை மாறிக் கண்ணன் தேவன் கம்பெனியிடம் வந்தது. 1971இல் கேரளச் சட்டமன்றம் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டத்தை இயற்றியது. கம்பெனி வழக்குப் போட்டது. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. எதனால் செல்லும்? அது நிலச்சீர்திருத்தச் சட்டம் என்பதால். அதன் 9ஆம் பிரிவு, மீட்ட நிலத்தை விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் பதிந்து கொடுக்க வேண்டும் என்கிறது. அந்த வாக்குறுதியைக் காட்டித்தான் அரசு வழக்கில் வென்றது. 1974இல் நில வாரியம் ஏறத்தாழ 57,000 ஏக்கரைக் கம்பெனிக்கு விட்டுவிட்டு 70,000 ஏக்கருக்கு மேல் அரசுக்கு எடுத்தது. அதில் 97 சதுர கிலோமீட்டர் வரையாட்டுக்கு, இரவிகுளம் தேசியப் பூங்காவாக. வரையாட்டின் மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. நல்ல பிராணி, அது இல்லாவிட்டால் அந்தப் புல்வெளியும் ரிசார்ட்டாகியிருக்கும். ஆனால் மீட்ட நிலத்தில் அதற்கு வீடு கிடைத்த வேகத்தில் ஒன்பதாம் பிரிவின் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை.

மீதி நிலத்தின் கதையை மூணாறுக்குப் போனவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், ஐந்து மாடி உயரத்தில். 1999இல் தேவிகுளத்தில் எம்.ஐ. ரவீந்திரன் என்ற வருவாய் அதிகாரி கையெழுத்திட்ட 530 பட்டாக்கள் 'ரவீந்திரன் பட்டா' என்று பெயர் பெற்றன. அதிகார வரம்பு மீறியவை என்று அரசே 2022 ஜனவரியில் அவற்றை ரத்து செய்ய உத்தரவிட்டது. அந்தப் பட்டா வைத்திருந்தவர்களில் ஏழைகளும் உண்டு. கட்சி அலுவலகங்களும் உண்டு. 2007இல் அன்றைய முதலமைச்சர் அச்சுதானந்தன் அனுப்பிய மூன்று அதிகாரிகள் ஜேசிபியோடு வந்து சில ரிசார்ட்டுகளை இடித்ததும், இடிப்பு கட்சி அலுவலகத்தின் பக்கம் திரும்பியதும் வேகம் குறைந்ததும் பழைய செய்தி. பட்டா என்ற காகிதம் அந்த மலையில் அச்சாகாமல் இல்லை. லயத்துக்கு மட்டும் வழி தெரியாமல் போய்விட்டது.

இதைவிட முக்கியமான ஒரு காகிதம் இருக்கிறது. 1955. பட்டம் தாணுப்பிள்ளை அரசு இதே மலைப்பகுதியான ஹைரேஞ்சில் குடியேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கல்லாறில் இன்றும் பட்டம் காலனி என்று ஊர் இருக்கிறது. சமவெளியிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து, குடும்பத்துக்கு 5 ஏக்கர் வீதம் காட்டு நிலம் கொடுத்தார்கள். மறையூர்ப் பக்கமும் இப்படிக் குடியேற்றம் நடந்தது. உணவு உற்பத்தி என்று சொன்னார்கள். மொழிவாரி எல்லை முடிவாவதற்கு முன் மலையாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே நோக்கம் என்று கேரள வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தக் குடியேறிகள் பட்ட பாட்டைக் குறைத்துப் பேச மாட்டேன். யானை, மலேரியா, பட்டினி எல்லாம் உண்டு. ஆனாலும் அதே மலை, அதே ஆண்டு, அதே அரசு. ஒரு மொழிக்காரருக்கு 5 ஏக்கர். இரண்டு மூன்று தலைமுறையாக அங்கேயே இருந்த இன்னொரு மொழிக்காரருக்கு, பேர் பதிவு இருக்கும் வரை ஓர் அறை.

அறுபது எழுபது வருடத்தில் இந்த இரண்டும் என்னவாயின என்று பாருங்கள். ஐந்து ஏக்கர் ஏலமும் மிளகும் ஆனது. வங்கியில் ஈடாக வைக்கப்பட்டது. அந்தக் கடனில் மகள் நர்சிங் படித்தாள். வளைகுடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போனாள். அங்கிருந்து வந்த பணத்தில் மாடி எழும்பியது. அறை அறையாகவே இருந்தது. அதை எந்த வங்கியிலும் ஈடு வைக்க முடியாது. மாநிலத்தின் 'லைஃப்' திட்டத்தில் வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் தருகிறார்கள், ஆனால் கட்ட மண் வேண்டும். மண் இல்லாதவர்களுக்கு அடுக்குமாடி என்கிறார்கள். அதற்கு வரிசை தனி. திறமை, உழைப்பு, படிப்பார்வம் என்று வித்தியாசத்துக்குக் காரணம் தேடுகிறவர்கள் முதலில் பட்டாவைத் தேடட்டும்.

அமெரிக்கர்கள் தங்கள் நாட்டில் இதே கேள்வியைக் கேட்டு, பதிலும் கண்டிருக்கிறார்கள். 1934இல் அங்கே வீட்டுக் கடனுக்கு அரசே உத்தரவாதம் கொடுக்கத் தொடங்கியது. கறுப்பர் வாழும் பகுதிகளுக்கு அந்த உத்தரவாதம் எட்டாதபடி பார்த்துக்கொண்டார்கள். 1947இல் நியூயார்க்குக்கு வெளியே லெவிட்டவுன் என்ற புறநகர் எழுந்தது. போரிலிருந்து திரும்பிய சாதாரணத் தொழிலாளியும் முன்பணம் இல்லாமலே வீட்டுக்குச் சொந்தக்காரனாகலாம், வெள்ளையனாக இருந்தால். அங்கே வீடு வாங்கியவனின் பேரனும் அங்கே விடப்படாதவனின் பேரனும் இன்று ஒரே சம்பளம் வாங்கினாலும் ஒரே சொத்து வைத்திருப்பதில்லை. இதை வாசித்து நெஞ்சு கொதிக்கும் நம் அறிவுஜீவிகளுக்குக் கல்லாறு தெரியாது.

இங்கே இடதுசாரி நண்பர் குறுக்கிடுவார்: "இது வர்க்கப் பிரச்சினை தோழர், இனமும் சாதியும் எங்கே வந்தது?" தோட்டங்களுக்குக் கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரத்திலிருந்து கூட்டி வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், அருந்ததியர். வர்க்கம் மட்டும் என்றால், அதே மலைக்கு வந்த ஏழை மலையாளிக் குடியேறி ஏன் ஐந்து ஏக்கர் பக்கமும், ஏழைத் தமிழன் ஏன் அறைப் பக்கமும் போனான்? இன்றுவரை இவர்களின் பிள்ளைகள் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், உன் தாத்தா 1950க்கு முன்னால் கேரளத்துக்கு வந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி சட்டமன்ற உறுப்பினரையும் விடவில்லை. தேவிகுளம் தனித்தொகுதியில் வென்ற ஏ. ராஜாவின் தேர்தலை 2023இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மதம் ஒரு கேள்வி. குடும்பம் எப்போது மலையேறியது என்பது இன்னொரு கேள்வி. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் அவரைக் காப்பாற்றியது. பத்திரமே கொடுக்கப்படாதவர்களிடம் எழுபத்தைந்து வருடப் பழைய காகிதத்தைக் கேட்பதை வர்க்கம் என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியுமா, தோழர்?

தொழிற்சங்கங்கள் இதையெல்லாம் ஏன் கேட்கவில்லை என்றால், 2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் உட்கார்ந்த பெண்களிடம் போக வேண்டும். போனஸை 20 சதவீதமாக்கக் கோரித் தொடங்கிய போராட்டம் அது. பெம்பிளை ஒருமை என்று பெயர். அன்றைய நாள்கூலி 232 ரூபாய். மூன்று சங்கங்களின் தலைவர்களையும் பக்கத்தில் வர வேண்டாம் என்று அவர்கள் விரட்டியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று வீடு: தலைவர்களுக்குக் கம்பெனி நல்ல வீடு கொடுத்து வைத்திருக்கிறது, நாங்கள் லயத்தில் கிடக்கிறோம் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. போனஸ் கோரிக்கை வென்றது. நிலம், வீடு என்ற கோரிக்கை நின்றுவிட்டது. அந்தப் போராட்டத்தின் முகங்களில் ஒருவரான கோமதி, பெட்டிமுடிக்கு முதலமைச்சர் வந்த நாளில் அதே கோரிக்கையோடு சாலையில் நின்றார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

இவ்வளவும் எழுதுவதால் தமிழ்நாடு யோக்கியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திருநெல்வேலி மாஞ்சோலையில் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து வந்த 99 வருடக் குத்தகை 2028இல் முடிகிறது. 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து இறங்கச் சொன்னபோது, மூன்று நான்கு தலைமுறைக் குடும்பங்களுக்கு அங்கே காலடி மண்கூட இல்லை. கூலி உயர்வு கேட்டு அவர்கள் நடத்திய ஊர்வலத்தில்தான் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அதையும் நாம் மறந்து வாளையாற்றுக்கு அப்பால் சொர்க்கம் தேடுகிறோம்.

தோட்ட நிலத்தைத் தொட முடியாது என்ற வாதத்துக்கு வருகிறேன், அதோடு முடித்துக்கொள்கிறேன். 2024 ஜூலை 30இல் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் அழிந்தன. அங்கும் லயங்கள் போயின. தப்பியவர்களுக்கு நகரியம் அமைக்க அரசு கல்பற்றாவில் எல்ஸ்டன் எஸ்டேட்டில் 64 ஹெக்டேரை எடுத்தது. தோட்ட நிர்வாகம் உயர் நீதிமன்றம் போனது. அரசு பணத்தைக் கட்டி நிலத்தைக் கைப்பற்றியது. 2025 மார்ச்சில் அடிக்கல். ஒரு குடும்பத்துக்கு 7 சென்ட், அதில் வீடு. எட்டு மாதத்தில் நடந்துவிட்டது, ஐம்பது வருடமாக நடக்கவே முடியாது என்று சொல்லப்பட்டது. பெட்டிமுடியில் தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியாறு பள்ளத்தாக்கில் வீடு கிடைத்தது. மற்ற லயங்கள் அடுத்த சரிவுக்காக அப்படியே நிற்கின்றன.

அந்த எல்ஸ்டன் நிலம் காலி நிலம் அன்று. அங்கேயும் லயம் இருந்தது, லயத்தில் ஆட்கள் இருந்தார்கள். நகரியத்துக்கு மண் வெட்டும் வண்டிகள் வந்தபோது அவர்கள் போராட்டத்தில் இருந்தார்கள். சம்பள பாக்கி, பி.எஃப்., கிராஜுவிட்டி ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு எங்களை இறக்குங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.